தெய்வத்தாயின் முகம்

நாணயம் அடிக்கும் எங்கள் பட்டறையில் வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல், சார். அச்சு செதுக்குகிறவனுக்கு அந்த வெளிச்சம்தான் தோது. என்னோடு அச்சு செதுக்கியவனுக்கும் எனக்கும் எதிரெதிர் மேசை. என்னைவிட இளையவன், கல்யாணமாகாதவன், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். ஒருநாள் நான்தான் அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனேன். என் மனைவி, "கூச்சப்படாம சாப்பிடு தம்பி" என்றாள். அந்தக் குரலில் அவள் என்னிடம் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்த வருடம் தெய்வத்தாயும் குழந்தையும் பொறித்த நினைவு நாணயம் வெளியிடுவதாக முடிவானது. சேகரிப்பவர்கள் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்வார்களே, அந்த மாதிரி வெள்ளி நாணயம். இருவரும் வரைந்து கொடுத்தோம். அவனுடையது தேர்வானது. அதில் எனக்கு வருத்தமில்லை, நன்றாகவே இருந்தது. மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, குழந்தையைக் குனிந்து பார்ப்பது என் மனைவி.

"யாருடா இது?"

"எங்கம்மாண்ணா. சின்ன வயசு போட்டோவைப் பார்த்து வரைஞ்சேன்."

பதில் ரொம்பச் சீக்கிரம் வந்தது. யோசித்து வைத்திருந்தால்தான் அப்படி வரும்.

வீட்டில் அவளிடம் காட்டினேன். "நானா? உங்களுக்குக் கண்ணு கெட்டுப்போச்சு. இவ்வளவு அழகா நான் என்னைக்கு இருந்தேன்?" என்று சிரித்தாள். ஆனால் உடனே திருப்பித் தரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் கோபப்படவில்லை, சார். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அவளைக் கையில் வைத்துக் கும்பிடப்போகிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இவன் எப்போது அவளை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தான் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சோதனைக்கு நாணயம் அடித்த அன்று, அச்சில் தூசி இருப்பதாகச் சொன்னேன். தூசி இல்லை. அவன் பிரஸ்ஸின் வலைக்கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டுத் துடைத்தான். கதவு திறந்திருந்தால் பிரஸ் ஓடாது என்பது அவன் நம்பிக்கை. அப்படி ஓடாமல் தடுக்கும் பாதுகாப்பு விசையை நான் முன்னாலேயே கழற்றியிருந்தேன். "போதுமாண்ணா?" என்று உள்ளேயிருந்து கேட்டான். பொத்தானை அழுத்தினேன்.

விபத்து என்று எழுதினார்கள். அவனுடைய அம்மா வந்திருந்தார். தலையெல்லாம் நரை, முகமெல்லாம் சுருக்கம். ஆனாலும் அந்த நெற்றி, அந்த மூக்கு, அவனை மூடியிருந்த துணியைக் குனிந்து பார்த்த விதம், எல்லாம் நாணயத்தில் இருந்தபடியே. சாயல்தானே சார், யாருக்கும் யார் மாதிரியும் இருக்கும்.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். என் மனைவி, "பாவம், அந்தப் பிள்ளை" என்று இன்னும் அழுகிறாள். எனக்குச் சாப்பாடு போடும்போதுகூட அழுகிறாள். நீங்கள் என்னைக் கொண்டுபோனால் எனக்காகவும் அழுவாள். அவனுக்காக அழுததைவிடக் கூடுதலாக அழுகிறாளா என்று மட்டும் யாராவது பார்த்துவந்து சொன்னால் போதும்.