நத்தை என்று ஒரு புரதம்

என் அக்கா சீதை அளவு நாடாவை அதிகம் தொடமாட்டாள். கடைக்குள் நுழையும் பெண்ணை ஒருமுறை பார்த்தால் போதும், ஜாக்கெட் அளவைச் சொல்லிவிடுவாள். செக்காலை ரோட்டில் அவளுக்கு ஒரு சின்னத் தையல் கடை இருந்தது. தன் ஜாக்கெட் இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் இழுப்பதை அந்தக் கண்தான் கண்டுபிடித்தது.

பல்கலைக்கழக விசாரணைக் குழுவாகிய நீங்கள் என்னிடம் கேட்டிருப்பது ஒரே கேள்வி. இரண்டு திசுத் துண்டுகளையும் ஆய்வுக்குக் கொடுக்க அவள் சம்மதித்துத்தான் கையெழுத்திட்டாளா? ஆம். நீங்கள் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் கேட்காததையும் சொல்வதுதான் முறை என்று நினைக்கிறேன்.

மார்பகப் புற்றணுக்கள் பிறந்த இடத்தைவிட்டு ஏன் கிளம்புகின்றன என்பது என் ஆய்வு. உயிரணுக்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்திருக்க ஒரு புரதம் இருக்கிறது. அந்தப் பிடியைத் தளர்த்த இன்னொன்று. அதற்கு ஸ்னெய்ல், அதாவது நத்தை, என்று பெயர். அது விழித்துக்கொண்டால் அணு தனியாகிறது, பால்குழாயின் சுவரை அரித்துக் கடக்கிறது. இதைக் கண்ணாடித் தட்டுகளில் பலமுறை பார்த்துவிட்டேன். எனக்கு வேண்டியிருந்தது வேறு. ஒரே பெண்ணிடமிருந்து, சுவரைக் கடக்கும் முன் ஒரு துண்டு, கடந்த பின் ஒரு துண்டு. அப்படிக் கிடைப்பது அரிது. முன்பே கண்டுபிடித்துவிட்டால் யாரும் காத்திருப்பதில்லை.

மதுரை மருத்துவமனையில் அக்காவின் மார்புக் கட்டியிலிருந்து எடுத்த முதல் துண்டில் மீதியை எனக்குத் தரச் சொன்னதே அவள்தான். நான் அதற்குச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். நத்தை விழித்திருந்தது. மறுநாள் மருத்துவமனை அறிக்கை வந்தது. அணுக்கள் குழாயைவிட்டு இன்னும் வெளியே வரவில்லை என்று அதில் இருந்தது. ஒரு மாதத்துக்குள் அறுவை செய்துவிட வேண்டும் என்று மருத்துவர் என்னிடம் சொன்னார். அக்கா அப்போது மாத்திரை வாங்க வரிசையில் நின்றிருந்தாள்.

அன்று சாயங்காலம் கடையில் கேட்டாள்.

"என்னடி போட்டிருக்கு? நீட்டி முழக்காமச் சொல்லு."

"வெளிய வரலக்கா. குழாய்க்குள்ளதான் இருக்கு."

'இன்னும்' என்ற சொல்லை விட்டுவிட்டேன். வேறு எதையும் மாற்றவில்லை.

"வெளிய தள்ளுற ஒண்ணப் பத்தித்தான நீ படிக்கிற? அதுக்கு என்னமோ பேரு சொன்னியே."

"நத்தை."

அக்கா சிரித்த சிரிப்பில் பல்லில் கடித்திருந்த ஊசி கீழே விழுந்தது. "நத்தையா? அது இந்தச் செக்காலை ரோட்டத் தாண்டுறதுக்குள்ள நான் பேத்தி கல்யாணத்துக்கே ஜாக்கெட் தச்சிருவேன்." பிறகு மச்சானிடம் திரும்பினாள். "கேட்டீகளா? மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கிறீக. நத்தையாம்."

மச்சான் சேவுகப்பெருமாள் என்னைப் பார்த்தார். "நெசமாவா பாண்டீசு? தீவாளித் தையலை முடிச்சிட்டு ஆப்பரேசனுக்குப் போகலாமா?"

"போகலாம் மச்சான்."

தீபாவளிக்குப் பின் தை முகூர்த்தங்கள் வந்தன. அதன்பின் அக்கா மகள் சிவரஞ்சனியின் முழு ஆண்டுத் தேர்வு. தள்ளிப்போடு என்று நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. காரணங்களை அவளே சொன்னாள், நான் தலையாட்டினேன். மருத்துவமனையில் என் போன் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். மூன்று முறை அழைத்தார்கள். மூன்றாம் முறை, வேறிடத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். பிறகு அழைக்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவேன். சிறுவயதில் அவள் எனக்குத் தேய்த்துவிட்டவள். நான் படிக்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். தேய்க்கும்போது ஒவ்வொரு வாரமும் அக்குளில் விரல் வைத்துப் பார்ப்பேன். கூச்சமாக இருக்கிறது என்று நெளிவாள். வைகாசியில் அங்கே ஒரு நெறிக்கட்டி தட்டுப்பட்டது. அடுத்த நாளே நான் அவளை மதுரைக்கு அழைத்துப் போனேன். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

அங்கே எடுத்த இரண்டாவது துண்டுக்கான சம்மதப் படிவத்தை அவள் படிக்கவில்லை. "நீ படிச்சிருப்பேல்ல, எங்க போடணும்னு மட்டும் காட்டு" என்றாள். காட்டினேன்.

அந்தத் துண்டில் எல்லாம் தெளிவாக இருந்தது. சுவரில் ஓர் உடைப்பு, அதன் வழியே ஒன்றன்பின் ஒன்றாக அணுக்கள், நான் ஊகித்த இடத்திலெல்லாம் நத்தை. நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுக்காமல் அழுதேன். துக்கத்தில் அழுகிறேன் என்றுதான் அப்போது நம்பினேன்.

அவளுக்காகவும்தான் தேடினேன். புற்று எலும்புக்குப் போவதற்குள் நிறுத்த ஏதாவது கிடைக்கும் என்று நினைத்தேன். ஐப்பசியில் எலும்புக்குப் போய்விட்டது.

கடைசி வாரத்தில் ஒருநாள் அவளால் பேச முடிந்தது.

"நான் குடுத்தது ஒம்படிப்புக்கு ஒதவுச்சாடி?"

"ஒதவுச்சுக்கா."

"அப்பச் சரி. ரஞ்சனிக்கு வராமப் பாத்துக்க."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மச்சான் என் கைகளைப் பிடித்துக்கொண்டு, நீ மட்டும் இல்லாட்டி நாங்க என்னம்மா செஞ்சிருப்போம் என்றார்.

அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. ஆய்வேடு உங்கள் மேசையில் இருக்கிறது. புற்று குழாய்க்குள் இருக்கும்போதே அகற்றிவிட்டால் ஏறக்குறைய எல்லாப் பெண்களும் பிழைத்துக்கொள்கிறார்கள் என்பது அதன் முதல் வரி. அக்காவுக்குக் கட்டி வருவதற்கு ஓராண்டு முன்பே நான் எழுதிய வரி அது.