ஆளுக்குப் பாதி வழி

உக்காருங்க, இங்க யாரும் வரல. மகளுக்காகக் காத்துட்டிருக்கேன். இல்லீங்க, பஸ்ல இல்ல, அவ அம்மா கார்ல கொண்டாந்து விடுவா. ஆமா, இங்கதான். நெடுஞ்சாலை ஓரத்துச் சாப்பாட்டுக் கடையில, இந்தச் சிப்ஸ் வாசனைக்குள்ளதான் பிள்ளைய கைமாத்திக்குவோம். இது அஞ்சாவது வருசம்.

நான் வடக்கே கார்லைல்ல இருக்கேன். அவ அம்மா டெனிஸ் தெக்கே பர்மிங்காம்ல. நாங்க பிரிஞ்சப்ப சமரசம் பேச வந்த மத்தியஸ்தர் அம்மா சும்மா சும்மா ஒண்ணையே சொல்லுவாங்க: ஆளுக்குப் பாதி வழி வாங்களேன். நீங்களும்தான் சொல்லுவீங்க, நானும் சொல்லுவேன். நீ கொஞ்சம் விட்டுக்குடு, நானும் விட்டுக்குடுக்கறேன், அவ்வளவுதானே அர்த்தம்? நாங்க எதை விட்டுக்குடுத்தோம்? மேப்பை விரிச்சு வெச்சு தூரத்தை அளந்தோம். பிரெஸ்டன் பக்கத்துல இந்த இடம் வந்துச்சு. அதுலயும் எனக்குத்தான் தூரம் கம்மின்னு டெனிஸ் ஒரு குளிர்காலம் முழுக்க மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தா.

சிரிங்க, பரவால்ல. கிறிஸ்துமஸ் உனக்குன்னா ஈஸ்டர் எனக்கு. காய்ச்சல்ல படுத்த நாள் யார் கணக்குல? அதுக்கும் சண்டை. அலுத்துப்போச்சுங்க.

இந்தக் கோடையில டெனிசோட புதுப் புருஷனுக்கு நியூசிலாந்துல வேலை கெடச்சுது. பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன்னு கேட்டா. அதுக்குப் பாதி வழி எங்க வரும், நடுக்கடல்லயான்னு கத்திட்டேன். என் வக்கீலுக்கு ஒரே குஷி. பிடிய விடாதீங்க, கோர்ட்ல நாமதான் ஜெயிப்போம்னார். ஜெயிச்சுத்தான் இருப்போம்.

போன தடவ கார்ல போறப்ப இமோஜென் பின்சீட்டுலேருந்து, அப்பா, நாம ஒரு டீல் போட்டுக்கலாமான்னா. ஒன்பது வயசுங்க அவளுக்கு. நீ என்னைப் போக விட்டேன்னா என் பூனைய நீயே வெச்சுக்கலாம். கிறிஸ்துமஸுக்கு எப்பவும் உன்கிட்ட வந்துடறேன். ஞாயித்துக்கிழமை போன்ல பேசறேன். பத்தலன்னா புதன்கிழமையும் பேசறேன்னா. அழல. டெனிஸ் எப்படிப் பேசுவாளோ, நான் எப்படிப் பேசுவேனோ, அச்சு அசல் அப்படியே நிதானமா பேரம் பேசறா.

வண்டிய ஓரங்கட்டிட்டேன். 

இல்லீங்க, அன்னிக்கு அவகிட்ட ஒண்ணும் சொல்லல. திங்கக்கிழமை வக்கீல் ஆபீஸ்ல போய், பிள்ளை போகட்டும்னு கையெழுத்துப் போட்டுட்டேன். பதிலுக்கா? ஒண்ணும் கேக்கல. வக்கீல்தான் தலையில அடிச்சுக்கிட்டார்.

அதோ, அந்த நீலக் கார்தான். பிள்ளை முடிய வெட்டிட்டா போலிருக்கே. நான் சம்மதிச்சது அவளுக்கு இன்னும் தெரியாது, நான்தான் சொல்லணும். வெள்ளிக்கிழமை விமானம்.