கண்ணுக்குள் ஒரு வெள்ளைச் சதுரம்

உங்கள் அறையில் ஒரே ஒரு ட்யூப்லைட் இருப்பதைப் பார்த்ததுமே எனக்கு உங்களைப் பிடித்துப்போய்விட்டது, இன்ஸ்பெக்டர் ஐயா. என்ன, அது தலைக்கு நேர் மேலே இருக்கிறது. கண்கள் இரண்டும் குழிக்குள் போய், பத்து நாள் தூங்காதவர் போலத் தெரிகிறீர்கள். அந்த வெள்ளைத் தாள்களை மேஜையில் பரப்பி வையுங்கள். வெளிச்சம் கீழேயிருந்து திரும்பி முகத்தில் ஏறும். ம், இப்போது புது மாப்பிள்ளை ஆகிவிட்டீர்கள். சிரித்துக்கொண்டே சொன்னேன் என்று எழுத வேண்டாம். காலையிலிருந்து காரணமே இல்லாமல் சிரிப்பு வருகிறது. மனசு பஞ்சாய்ப் பறக்கிறது.

துணி விளம்பரத்துக்குப் படம் எடுக்கும் என் தொழிலே இவ்வளவுதான். ஒரு விளக்கு, ஒரு வெள்ளை அட்டை. விளக்குக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டிய சதுரப் பெட்டி. கண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு பக்கமாக வைத்தால் மாடல் பெண் போட்டிருக்கும் கோட்டின் தையலும் தெரியும், அவள் கன்ன எலும்பும் தெரியும். அதற்கு மேல் இன்னொரு விளக்கு வைப்பது, நன்றாகப் பாடுகிறவர் பக்கத்தில் நின்று தகரத்தைத் தட்டுவது மாதிரி.

டிஸ்கோ தகரம் தட்டுகிறவன். என் மனைவியின் தம்பி. அந்தப் பட்டப்பெயர் நான் வைத்தது. ஸ்டூடியோவுக்கு வந்த புதிதில் ஊதா, பச்சை, சிவப்பு என்று விளக்குகளைச் சுற்றி நிறுத்தி, நடுவில் நின்ற பெண்ணை நாங்கள் தேடிக் கண்டுபிடிக்கும்படி செய்துவிட்டான். தங்கமான பையன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். என் மேல் உயிர். "கல்யாண ஆல்பத்துல வெச்ச அதே லைட்டத்தான் மாமா இன்னிக்கும் வெக்கிறீங்க" என்று கேலி செய்வான். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

பிறகு ஒரு துணி நிறுவனத்து அம்மாவுக்கு அவனுடைய கலர் கலரான படங்கள் பிடித்துப்போயின. இனி அவர்களுடைய படமெல்லாம் டிஸ்கோதான் எடுக்க வேண்டும் என்றார். அன்று சாப்பிடும்போது என் மனைவி சொன்னாள், "இனிமே அவனே எடுக்கட்டுங்க. நீங்க பக்கத்துல லைட்டப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. உங்களுக்கும் வயசாகுதில்ல?" ஆசையாகத்தான் சொன்னாள். டிஸ்கோ தலையைக் குனிந்துகொண்டான். கையில் கேமரா இல்லாவிட்டால் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை. பயந்துவிட்டேன், ஐயா.

மறுநாள் காலை ஒத்திகை. மாடல் வருவதற்கு முன் வெளிச்சம் பார்க்க அந்த இடத்தில் யாராவது நிற்க வேண்டும். டிஸ்கோ அந்தப் பெண்ணின் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு இடுப்பை ஒடித்து நின்றான். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நாங்கள் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

எங்களிடம் பழைய இரும்பு விளக்கு ஒன்று உண்டு. தூக்க இரண்டு பேர் வேண்டும். அந்தச் சதுரப் பெட்டியோடு, ஸ்டாண்டின் மேல் நீளும் கம்பியின் நுனியில் தொங்கும். கம்பியை இழுத்து நீட்டினால் சாய்ந்துவிடாமல் இருக்க, ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை போடுவோம். ஸ்டூடியோவில் எல்லோரும் கற்கும் முதல் பாடமே அதுதான். அன்று அந்த மூட்டையை எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தேன். கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அடித்தது என்றுதான் ஞாபகம்.

"மச்சான், லைட்ட இன்னும் கொஞ்சம் உன் பக்கம் இழுடா" என்றேன்.

"மூட்ட போட்டாச்சா மாமா?"

"போடாம இருப்பேனாடா?"

இழுத்தான். இழுத்தது அவன், நானில்லை; அதைக் கோடு போட்டுக் காட்டுங்கள். "தாடையத் தூக்கு, வெளிச்சத்தப் பாரு" என்றேன். பார்த்தான். விளக்கு நெருங்க நெருங்க வெளிச்சம் மென்மையாகும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அன்று மிக அருகில் வந்தது. அவன் முகத்தில் ஒரு பருகூடத் தெரியவில்லை. நான் பட்டனை அழுத்தினேன். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தபோது அவசரப்பட வேண்டிய வேலை எதுவும் இருக்கவில்லை.

அந்தப் படத்தை அழித்திருந்தால் மாட்டியிருக்க மாட்டாய் என்றீர்கள். அழிக்கிற படமா அது? பெரிதாக அச்சடித்து வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் அதன் முன்னாலேயே நின்றுவிட்டார்கள். எனக்குச் சந்தோஷம் தாளவில்லை. என் மனைவி மட்டும் நாற்காலி போட்டு ஏறி, தம்பியின் கண்ணைப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். கண்ணுக்குள் பிரதிபலிக்கும் பெட்டியின் வெள்ளைச் சதுரத்தை வைத்து விளக்கு எங்கே நின்றது என்று சொல்லிவிடலாம். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

"ஏங்க, பெட்டி சாஞ்சிருக்கே" என்றாள். நாற்காலியை விட்டு இறங்கியதும், "விழுறதப் பாத்துக்கிட்டேவா எடுத்தீங்க?" என்றாள்.

ஆமாம், ஐயா. பார்த்துக்கொண்டேதான் எடுத்தேன். மூட்டையை எடுத்ததும் நான், இழுக்கச் சொன்னதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். பத்திரிகைக்காரர்கள் கேட்டால் படத்தை ஓரம் வெட்டாமல் போடச் சொல்லுங்கள். ஒரே ஒரு விளக்கில் எடுத்தது என்றும் போடட்டும். அந்தச் சதுரம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அது ஒன்றுதான் நான் செய்த தப்பு.