ஒன்பது நாள் அறை

மலைப்பூண்டு தட்டிப் போட்ட கஞ்சி இந்தக் குளிருக்கு நல்லது, முதலாளி. மேனேஜர் சுப்புராஜுகூட அதை மறுக்கவில்லை. ஐந்தாம் நாள் இரண்டாவது தம்ளர் கேட்டார். நடந்ததைச் சொல் என்றீர்கள். சொல்கிறேன்.

இந்த ஹோட்டல் கன்னியர் மடமாக இருந்தபோது பத்தொன்பது வருஷம் இங்கே சமைத்தேன். விடியுமுன் வில்பட்டியிலிருந்து நடந்தே வந்துவிடுவேன். மடத்தில் தவ அறை என்று ஒன்று இருந்தது. சன்னல் ஆளுயரத்துக்கு மேலே. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும். கஞ்சி கொடுக்கக் கதவில் ஒரு சாண் திறப்பு. உள்ளே போன அம்மாவுக்கு ஒன்பது நாள் மௌனம். மதர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே விதிதான்: உள்ளே இருப்பவர் என்ன கெஞ்சினாலும் திறக்காதே, பதில் சொல்லாதே. மூன்றாம் நாள் எல்லோருக்கும் வெளியே வரத் தோன்றும், ஆறாம் நாள் அடங்கிவிடும். அப்படித்தான் அடங்கினார்கள். ஒரு வயதான அம்மா மட்டும் எட்டாம் நாளும் கதவைத் தட்டித் தட்டி என்னவோ சொன்னார். பிரெஞ்சு பாஷை. ஜெபம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஐம்பத்தேழில் அவர்கள் கப்பல் ஏறினார்கள். நீங்கள் கட்டடத்தை வாங்கிப் புதுப்பித்தீர்கள். தவ அறையைத் தேனிலவு அறை ஆக்கினீர்கள். ரோஜா நிறச் சுவர், பீங்கான் குளியல் தொட்டி, கை வைத்தால் அமுங்கும் மெத்தை. திறப்பு வைத்த கதவையும் தாழ்ப்பாளையும் மட்டும் மாற்றவில்லை. பழைய பித்தளை, பார்க்க அழகு என்று சுப்புராஜ்தான் விட்டுவைத்தார். அதற்கு நான் பொறுப்பில்லை.

சுப்புராஜ் கெட்டவர் இல்லை. வாய் ஓயாது, அவ்வளவுதான். போன வியாழக்கிழமை சமையலறைக்கு வந்தார்.

"இந்தாம்மா, ஒண்ணாம் தேதியிலேருந்து நீ வரவேணாம். சூப் வைக்கத் தெரிஞ்ச ஆள் மெட்ராஸ்லேருந்து வர்றாரு. காகிதம் எழுதி வச்சிட்டேன், முதலாளி வந்ததும் கையெழுத்துதான்."

"எஞ் சூப்புக்கு என்னங்க கொறைச்சல்?"

"அது சூப்பே இல்லம்மா, கஞ்சி. அதுல பூண்டு வேற. ஹனிமூனுக்கு வர்றவங்களுக்கு யாராச்சும் இவ்ளோ பூண்டு போடுவாங்களா?"

எனக்குக் கோபம் வரவில்லை. இருபத்து மூன்று வருஷம் நின்ற அடுப்படியை விட்டு எங்கே போய் நிற்பது என்று மட்டும் யோசித்தேன். பிறகு, இப்படி அவசரப்படுகிற மனுஷனுக்குக் கொஞ்சம் ஓய்வு தேவை என்று பட்டது.

"ஹனிமூன் ரூம்ல தொட்டி ஒழுகுதுங்க, வெரசா வந்து பாருங்க" என்றேன்.

தொட்டி ஒழுகவில்லை. அது பொய், மறைக்க மாட்டேன். அவர் குனிந்து தொட்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தபோது தாழ்ப்பாளைப் போட்டேன்.

முதல் நாள் என்னை வேலையை விட்டு நீக்கினார். இரண்டாம் நாள் மறுபடியும் நீக்கினார். மூன்றாம் நாள் தலைமைச் சமையல்காரி ஆக்கினார். நான்காம் நாள் பாடினார், குரல் மோசமில்லை. வாட்ச்மேன் அழகுமலைதான் வந்து கேட்டான்.

"ஏக்கா, ஹனிமூன் ரூம்ல யாரோ பாடுற மாதிரி கேக்குது?"

"மேனேஜருதான். தவத்துல இருக்காரு."

"தவமா? அந்த வாயா?"

"அதனாலதாம்ப்பா ஒம்பது நாளு. நீ போயி ஒஞ் சோலியப் பாரு."

தங்க வந்தவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. இவ்வளவு அமைதியான ஹோட்டலைப் பார்த்ததில்லை என்று ஒரு டாக்டரம்மா வருகைப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

இன்று ஏழாம் நாள். அவர் நன்றாக அடங்கியிருந்த நேரத்தில் உங்கள் கார் வந்தது. மேனேஜர் எங்கே என்றீர்கள், அறையைக் காட்டினேன். நீங்களே தாழ்ப்பாளை நீக்கி, "யா அல்லா, சுப்புராஜ்" என்று உள்ளே ஓடினீர்கள்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்க, சண்முகவள்ளி? மொதல்ல அந்தக் காகிதத்த எடு, கையெழுத்தப் போட்டுடுறேன்" என்றீர்கள்.

உங்களுக்கும் அவசரம் வந்துவிட்டது தெரிந்தது. மறுபடி தாழ்ப்பாளைப் போட்டேன்.

நடுவில் கதவு திறந்துவிட்டால் நாட்களை முதலிலிருந்து எண்ண வேண்டும் என்பது மடத்து வழக்கம். சுப்புராஜிடம் அதை நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். கட்டில் இருவருக்கும் தாராளமாகப் போதும், தேனிலவுக்கென்று செய்தது.

நான் செய்தது பெரிய குற்றம் என்கிறீர்கள். யோசித்துப் பார்த்தேன், சரிதான். உள்ளே இருப்பவரோடு ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. இத்தனை வருஷத்தில் நான் மீறாத விதி அது. முதலாளி ஆயிற்றே என்ற மரியாதைக்காக இன்று இவ்வளவு நேரம் பேசிவிட்டேன். குற்றம் குற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன். இனிப் பேச மாட்டேன்.