பிட்டாவுக்குத் திரும்பியவர்

அந்தப் பறவைக் காப்பகத்துக்குப் போக கிராஞ்சி ரயில் ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடிப்பதுதான் வசதி. ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக இருக்கும் என்று வார நாளில் போனோம். கடல் தண்ணீர் ஏறும் வேளையாகப் பார்த்துப் போக வேண்டும். சேறு மூழ்கிவிட்டால் பறவைகள் நடைபாலத்துக்குப் பக்கத்தில் வந்து ஒதுங்கும். இதெல்லாம் என் கணவர் ஜெரார்ட் சொல்லித் தந்தது.

நீங்கள் அவசரப்பட வேண்டாம். நானாகத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு வந்த மறதி நோயில் முதலில் போனது சாவி வைத்த இடம். அப்புறம் சுவா சூ காங்கில் எங்கள் வீடு எந்த மாடியில் என்பது. அப்புறம் நான். மிரண்டா என்று ஒருத்தியைக் கட்டியதே அவருக்கு நினைவில்லை. கஞ்சி ஊட்டினால், "தேங்க் யூ, சிஸ்டர். நீங்க இங்கயே இருந்தா உங்க வீட்ல தேட மாட்டாங்களா?" என்பார். சர்ச்சில் பூசையின்போது பக்கத்தில் உட்கார்ந்தால் மரியாதையாக நகர்ந்துகொள்வார்.

பறவைகளை மட்டும் மறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஏதாவது கத்தினால் ஸ்பூனைத் தள்ளிவிட்டுத் திரும்புவார். பெயரைச் சரியாகச் சொல்வார். அப்போது அந்த முகம் மலர்வதை, கையில் கிண்ணத்தோடு நின்று தினமும் பார்த்திருக்கிறேன்.

அவர் ஆசைப்பட்டும் பார்க்கக் கிடைக்காத பறவை மேங்குரோவ் பிட்டா. நீல இறக்கை, சிவந்த வயிறு, இரண்டே சுரத்தில் ஒரு கூவல். போனில் அதன் குரலைப் போட்டு வரவழைத்தால் என்ன என்று நோய்க்கு முன்னால் ஒருமுறை கேட்டேன். கோபித்துக்கொண்டார்.

"அது சீட்டிங் லா, மிரண்டா. ஜோடி கூப்பிடுதுன்னு நெனச்சு நம்பி வரும். பாவம்."

நம்பி வரும் என்றது மனதில் தங்கிவிட்டது. சிராங்கூன் சாலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஸ்பீக்கர் வாங்கினேன்.

அன்று அவரைப் பறவை பார்க்கும் குடிலில் உட்கார வைத்து, கையில் கோப்பியைக் கொடுத்துவிட்டு, நடைபாலத்தின் கடைசி வளைவுக்குப் போனேன். கம்பிக்கு வெளியே, கால்வாய்க்கு மேல் நீண்டிருந்த கிளையில் ஸ்பீக்கரை மாட்டினேன். கீழே தண்ணீர் நிறைந்து ஓசையில்லாமல் ஓடியது. திரும்பி வந்து அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போனேன். பைக்குள் இருந்த போனைத் தொட்டேன்.

முதல் கூவலிலேயே நின்றார். "பிட்டா," என்றார் மெதுவாக. "சிஸ்டர், சத்தம் போடாதீங்க." கம்பியின் மேல் காலைத் தூக்கிப் போட்டார். அந்த வயதில் எப்படி ஏறினாரோ. அடுத்த கூவலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். தண்ணீரிலிருந்து எடுத்தபோது உயிர் இல்லை.

நான் கூப்பிட்டேன். அதற்குச் சாட்சி உண்டு. படம் எடுக்க வந்திருந்த ஃபர்சானா என்ற பெண் ஓடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, நீங்க 'ஜெரார்ட், ஜெரார்ட்'னு கத்துனது அந்தக் கோடி வரைக்கும் கேட்டுச்சு. அங்கிள் திரும்பவே இல்ல. நீங்க என்ன பண்ணுவீங்க?" உங்கள் ஆட்களும் அதையேதான் எழுதிக்கொண்டார்கள்.

ஸ்பீக்கர் இன்னும் அந்தக் கிளையில் இருக்கும். பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்கும். ஆனாலும் வீட்டில் நான் குழாயை மூடியதும் அந்த இரண்டு சுரம் கேட்கிறது, அவர் கஞ்சி குடித்த நாற்காலிப் பக்கமிருந்து. ஒவ்வொரு தடவையும் திரும்பிவிடுகிறேன்.

பறவைக்குத் திரும்புகிறவர் எனக்குத் திரும்பவில்லை, அந்த ஆற்றாமையில் செய்தேன் என்று சொல்லத்தான் வந்தேன். சொல்லும்போதே அந்தக் காரணம் நிற்கவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. எனக்கு அவர் 'என்னங்க'தான். நான் யாரென்று தெரியாமல் போன பிறகும், அடுப்படியிலிருந்து 'என்னங்க' என்றால் ஹாலிலிருந்து 'ம்' என்று பதில் வரும்.

அன்று அந்த ஒரு சொல்லை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். சொல்லியிருந்தால் திரும்பியிருப்பார்.