இரண்டு ஊருக்கும் ஒரே செய்தி

— எச்சரிக்கைப் பட்டனைத் தட்டினதும் என்ன பண்ணினே, ஜோவென்?

— கீழே போய் வறுத்த வாழைப்பழம் வாங்கினேன், மேம். குச்சியில, சக்கரைப் பாகோட. மழை அப்பவே நல்லா பிடிச்சிருந்துச்சு.

— திரையில என்ன வந்துச்சு?

— பச்சை. போகாதது ஒண்ணுமில்லைன்னு.

— எத்தனை பேருக்குப் போச்சுன்னு பாத்தியா?

— பாக்கலை.

— பாக்காமலே, போன் டவர் சாஞ்சதாலதான் வெள்ள எச்சரிக்கை போகலைன்னு மணிலாவுக்கு அறிக்கை எழுதிட்டே.

— டவர் சாஞ்சது நிஜம், மேம்.

— அது ராத்திரி. நீ தட்டினது மத்தியானம். அதைக் கேக்கத்தான் செபுவுலேர்ந்து வந்திருக்கேன். செய்தி அனுப்பற அந்த ரூபி மொழி நிரலைத் திற.

— வேண்டாம் மேம், நானே சொல்லிடறேன். ஆத்தோரம் இலாயா, கடலோரம் பைபாய். ஊருக்கு ஒரு நிபந்தனையா வரிசையில சேத்து, நடுவுல ‘அண்ட்’ வச்சுக் கோத்துட்டேன்.

— அப்ப யாருக்குப் போகும்?

— ஒரே ஆளு ரெண்டு ஊர்லயும் குடியிருந்தா, அவனுக்கு.

— அப்படி ஒருத்தன் உண்டா இங்க?

— இல்லை மேம். ஒருத்தருக்கும் போகலை.

— ஒத்திகை பாக்கலையா நீங்க?

— பாத்தோம். ஒவ்வொரு தடவையும் ஒரே ஊரை வச்சு. ஒத்தை ஊருக்கு ஊரையும் ஊரையும் கோக்கற வேலையே இல்லையே, ஜோரா போச்சு. மேயர் கைகூடத் தட்டினாரு.

— உனக்கு எப்பத் தெரிஞ்சுது?

— வெள்ளத்துல செத்தவங்க அடக்கமெல்லாம் முடிஞ்சப்புறம். தெரிஞ்சதுக்கு அப்புறமும் மாதா கோயில்ல ஆளாளுக்கு என்னைக் கட்டிப் பிடிச்சாங்க. ‘பாவம் புள்ள, நீ அனுப்பினே, டவர் கெடுத்துடுச்சு’ன்னு. நானும் சேந்து அழுதேன் மேம். வாயைத் திறக்கலை.

— திருத்து.

— ‘அண்ட்’டை எடுத்துட்டு, ‘அல்லது’ங்கற ‘ஆர்’ போட்டுட்டேன்.

— அதோட விட்டா, செய்தி வேணாம்னவங்களும் உள்ள வந்துருவாங்க. ரெண்டு ஊரையும் அடைப்புக்குறிக்குள்ள கட்டு. வேணாம்னவங்களை விலக்கற மூணாவது நிபந்தனை வெளியில ‘அண்ட்’ல நிக்கட்டும்.

— ஆச்சு.

— ஒத்திகைன்னு போட்டு அனுப்பு. ரெண்டு ஊருக்கும் சேத்து.

— இப்பவா? அறிக்கை என்ன ஆகும், மேம்?

— அது உன் கையெழுத்து. நான் தொட மாட்டேன்.

— நானே மாத்தி எழுதறேன். டவர் இல்லை, நான்தான்னு. ...அனுப்பிட்டேன். மேம், உங்க பையில ஏதோ அடிக்குது.

— என் தம்பி போன். இலாயாவுல வாத்து வளத்தான். அவனை அடக்கம் பண்ணியாச்சு, நம்பரை மட்டும் இன்னும் நிறுத்தலை.