கேரியர் என் கையில்தான் இருந்தது

என் பெயர் லூர்தம்மாள், வயது 52, கணவர் பெயர் சூசைராஜ், அவர் உயிரோடு இல்லை. வடக்குப்பட்டு மாதா கோயில் தெருவில் சொந்த வீட்டில் குடியிருந்து வருகிறேன். எழுதப் படிக்கத் தெரியும். என்மேல் இதற்கு முன் எந்த வழக்கும் கிடையாது. என்னை யாரும் பிடித்து வரவில்லை, மிரட்டவில்லை, நானாக ஆட்டோ பிடித்து இந்த நிலையத்துக்கு வந்து ஆய்வாளர் அவர்களிடம் இதைச் சொல்கிறேன். வந்த காரணம் என்னவென்றால், என்னிடம் வேலை பார்க்கும் ஜாஸ்மின் என்ற பெண், வயது 24, எழிலரசன் என்பவரை டிபன் கேரியரால் அடித்துக் காலை முறித்ததாக அவர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு புகார் கொடுத்து, அதில் ஜாஸ்மின் பெயரை எதிரியாகப் போட்டிருக்கிறார்கள். ஜாஸ்மின் வேறொரு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாள். அவளால் எழுந்து இல்லை என்று சொல்ல முடியாது. என்னால் முடியும்.

நான் வல்லம் வடகால் பக்கம் கம்பெனிகள் கட்ட ஆரம்பித்த காலத்தில் சாலையோரம் இட்லி விற்றவள். கட்டட வேலைக்கு வந்த பெண்கள் பிள்ளைகளை என் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் போவார்கள். இட்லியைவிட அதற்குத்தான் கிராக்கி என்று தெரிந்ததும் இட்லியை விட்டுவிட்டு ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தொட்டில் கட்டினேன். அதுதான் இப்போது குழந்தைகள் காப்பகமாக நடந்து வருகிறது. அதோடு, ஓ.டி. என்று கூடுதல் நேர வேலை விழுகிற வீடுகளுக்கும் புருஷன் பெண்டாட்டி இருவரும் ஷிப்டில் மாட்டிக்கொள்கிற வீடுகளுக்கும் என் பெண்களைச் சாயங்காலத்தில் அனுப்பி வருகிறேன். பெற்றவர் வருகிற வரை குழந்தையை அதன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வது. நாங்கள் அதை ஈவினிங் டூட்டி என்போம். புண்ணியத்துக்கு இல்லை, தொழில்தான். ஆனால் தொழிலை ஒழுங்காகச் செய்கிறேன்.

ஈவினிங் டூட்டிக்குப் போகிறவள் அந்த வீட்டுச் சோற்றைத் தொடக் கூடாது என்பது என் கட்டளை. இன்றைக்குச் சாப்பிட்டால் நாளைக்குப் பால் குறைந்தது, எண்ணெய் குறைந்தது என்று பேச்சு வரும். ஆகவே அவர்கள் சாப்பாட்டை நானே கேரியரில் போட்டு ஸ்கூட்டியில் வீடு வீடாகக் கொண்டு போவேன். சோறு போட்ட மாதிரியும் ஆச்சு, எட்டிப் பார்த்த மாதிரியும் ஆச்சு. இன்னொரு கட்டளையும் உண்டு. யார் வந்து கேட்டாலும் குழந்தை தானாக ஓடுகிற ஆளிடம்தான் குழந்தையைக் கொடுக்க வேண்டும். இங்கே யூனிபார்மும் கழுத்து அட்டையும் எல்லோரிடமும் இருக்கிறது, மச்சானுடையதை மாட்டிக்கொண்டும் வரலாம். குழந்தையை ஏமாற்றி ஓட வைக்க முடியாது என்று நான் நினைத்திருந்தேன். ஜாஸ்மின் எங்களிடம் சேர்ந்த நாளிலிருந்து இதைத்தான் கேட்டுப் பழகினாள்.

மதிவதனி என்பவர் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். வல்லம் வடகாலில் லிப்ட் இல்லாத குடியிருப்பில் இரண்டாம் மாடியில், மூன்று வயது மகள் கவிப்பிரியாவோடு இருக்கிறார். கணவர் பெங்களூரில் வேலை என்று எங்களிடம் சொல்லியிருந்தார். அவர் அடி தாங்காமல் கணவரைப் பிரிந்து வந்தவர் என்பதும், குழந்தை யாரிடம் இருப்பது என்று கோர்ட்டில் நடக்கிறது என்பதும் சம்பவத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அடி வாங்கினதை வேலைக்காரியிடம் எந்தப் பெண் முதல் நாளே சொல்லுவாள்?

கடந்த வியாழக்கிழமை மதிவதனிக்கு ஓ.டி. என்பதால் ஜாஸ்மின் காப்பகத்திலிருந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு மேற்படி வீட்டுக்குப் போனாள். விளக்குப் போட்ட நேரத்தில் அவர் கணவரான மேற்படி எழிலரசன் அங்கே வந்திருக்கிறார். அடுத்து நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை, எதிர்வீட்டு செல்லம்மாள் பார்த்துச் சொன்னது. கம்பிக் கதவுக்கு வெளியே அவரைப் பார்த்ததும் குழந்தை "அப்பா, அப்பா" என்று குதித்துக்கொண்டு ஓடி வந்து கம்பி வழியாகக் கையை நீட்டியிருக்கிறது. குழந்தை ஓடியதைப் பார்த்து ஜாஸ்மின் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள். நான் சொல்லிக் கொடுத்தபடிதான் திறந்தாள்.

அவர் உள்ளே உட்காராமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே திரும்பியிருக்கிறார். ஜாஸ்மின் குறுக்கே நின்று, "சார், மேடம் வர்ற வரைக்கும் வாசல் தாண்டக் கூடாது சார், அக்கா சொல்லிக்கீறாங்க. ஒரு போன் போட்டுக்கிறேன்" என்றாளாம். அதற்கு அவர், "எம் பொண்ண நான் தூக்கினு போறேன், நீ யார்றி கேக்க? ஆயா வேலைக்கு வந்தவ" என்றாராம். ஜாஸ்மின் மதிவதனிக்குப் போன் போட்டாள். லைனில் நிற்பவர்கள் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், அதனால் அது அடித்து அடித்து நின்றது. அதன் பிறகு எனக்குப் போட்டிருக்கிறாள். நான் ஸ்கூட்டியில் லாரிகளுக்கு நடுவில் வந்துகொண்டிருந்தேன், சத்தம் கேட்கவில்லை. மூன்றாவது முறை போடுவதற்குள் அவர் போனைத் தட்டிவிட்டு அதே கையால் அவள் வாயில் அறைந்ததாகவும், முன் பல் ஒன்று விழுந்து கம்பிக் கதவுக்கு அடியில் உருண்டதாகவும் செல்லம்மாள் சொல்கிறார். அந்தப் பல்லை நேற்று நான்தான் பொறுக்கி உங்கள் காவலரிடம் கொடுத்தேன்.

ஜாஸ்மின் குழந்தையை விட்டுவிட்டாள், கையைப் பிடித்து இழுக்கக்கூட இல்லை, ஆகவே இதில் உடந்தை என்று இப்போது பேசுகிறார்கள். இதைத் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். சின்னக் குழந்தையின் கையை இழுத்தால் முழங்கை மூட்டு நழுவிவிடும் என்பதால் எங்களிடம் யாரும் குழந்தையின் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். அவர் ஒரு பக்கம் இழுக்கும்போது இவளும் இழுத்தால் என்ன ஆகும்? அதனால் குழந்தையை விட்டுவிட்டு அவர் காலைப் பிடித்தாள். இரண்டு கையாலும் வலது காலைக் கட்டிக்கொண்டாள். அவர் அந்தக் காலோடு அவளையும் இழுத்துக்கொண்டு படி இறங்கினார். ஒவ்வொரு படியிலும் அவள் தாடை இடித்த சத்தம் கேட்டதாக செல்லம்மாள் சொன்னார்.

இனிச் சொல்வது நானே பார்த்தது. நான் வண்டியை நிறுத்தி நான்கு அடுக்குக் கேரியரோடு மேலே ஏறும்போது கீழ்வீட்டு ரகு லுங்கியைப் பிடித்துக்கொண்டு படியடியில் நின்றார். "யக்கா, போவாதீங்க, அது அவங்க குடும்ப சமாச்சாரம்" என்றார். முதல் மாடித் திருப்பத்தில் எழிலரசன் குழந்தையை இடது தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அவர் வலது காலில் ஜாஸ்மின் குப்புறக் கிடந்தாள். அவர் இடது காலால் அவள் தலையில் உதைத்துக்கொண்டிருந்தார். கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் கான்டிராக்டர் என்பதால் காலில் சேப்டி ஷூ, முனையில் இரும்பு வைத்தது. உதைக்கு உதை அவள் தலை சுவரில் போய் மோதித் திரும்பியது. சுவரில் அவள் முடி ஒட்டியிருந்தது. நான் ரகுவைப் பார்த்து, "படியில கெடக்கறவ யாரு குடும்பம்டா? அது என் ஆளு" என்று சொன்னேன். ரகு கதவைச் சாத்திக்கொண்டார்.

இதுவரை எழுதுகிற ஐயா எழிலரசனை "அவர்" என்றே எழுதி வருகிறார். நான் சொன்னது அவன் என்றுதான். இதற்கு மேல் அப்படியே எழுதச் சொல்கிறேன்.

குழந்தை அவன் தோளில் இருந்ததால் நான் உடனே அடிக்கவில்லை. கேரியரில் சுடச்சுடச் சாம்பாரும் இருந்தது. காப்பகத்தில் மத்தியானச் சோற்றுக்கு நான் கேரியர் மூடியில் கரண்டியால் தட்டுவேன், பிள்ளைகள் எங்கே இருந்தாலும் ஓடி வரும். கரண்டி இல்லாததால் வண்டிச் சாவியால் தட்டி, "கவி, மம்மம் வந்துச்சு, ஓடியா" என்றேன். அழுதுகொண்டிருந்த குழந்தை தலையைத் தூக்கிப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி என் பக்கம் சாய்ந்தது. ஒரு கால் பிடிபட்டு ஒரு காலில் நின்றவனுக்கு அந்தச் சாய்வு தாங்கவில்லை. தடுமாறிச் சுவரைப் பிடித்தான். குழந்தை என் மார்புக்கு வந்துவிட்டது. நான் அவர்களைத் தாண்டி மேலே ஏறி செல்லம்மாளிடம் குழந்தையைக் கொடுத்துக் கதவைத் தாழ் போடச் சொன்னேன். போட்ட சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பி இறங்கினேன்.

அப்போது அவன் என்னைப் பார்த்து, "கெழவி, ஒன்னையும் சேத்துப் பொதைச்சிடுவேன்" என்று சொல்லி ஜாஸ்மின் காதோரம் இன்னொரு முறை உதைத்தான். அவள் சத்தம் போடவில்லை. அதற்கு முன்பு முனகிக்கொண்டிருந்தாள், அந்த உதைக்குப் பிறகு முனகவில்லை. நான் மேல்படியில் நின்று கேரியரைப் பிடியோடு சுழற்றி அவன் முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்தது. அவன் மல்லாந்து விழுந்தான். அடுக்குகள் கழன்று சாம்பார் படியெல்லாம் சிந்தியது. அதில் ரத்தமும் கலந்தது. அளவெடுக்க வந்த காவலர் எது எது என்று கேட்டார், என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதன் பிறகு அவன் எழுந்திருக்கவில்லை. கையைத் தூக்கி, "வேணாம்மா" என்றான். எனக்கு நன்றாகக் கேட்டது. கேரியரின் அடிப்பாத்திரமும் இரும்புப் பிடியும் என் கையில் மிச்சம் இருந்தன. அதைக்கொண்டு அவன் இடது முழங்காலில் ஒரு அடி அடித்தேன். எலும்பு விட்ட சத்தம் கேட்டது. பிறகு அதே இடத்தில் இன்னொரு அடி அடித்தேன். பாத்திரம் நெளிந்துவிட்டது, அதை இன்று மஞ்சப்பையில் போட்டுக் கொண்டு வந்து ஆய்வாளர் மேசைமேல் வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் முறிவு இடது முழங்காலில் என்று எழுதியிருக்கிறார்கள். உதைத்த கால் இடது, ஜாஸ்மின் கட்டிப் பிடித்திருந்தது வலது. வலது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குப்புறக் கிடந்தவள் எந்தக் கையால் கேரியரைத் தூக்கி இடது காலை அடித்திருப்பாள்? இதை அவனிடம் கேட்க வேண்டும்.

அவன் விழுந்த பிறகும் ஜாஸ்மின் பிடியை விடவில்லை. நான் கீழே உட்கார்ந்து விரல் விரலாகப் பிரித்தேன், பிரிக்கப் பிரிக்கத் திரும்ப மூடியது. "விடுடி, புள்ள நம்மகிட்ட வந்துடுச்சு" என்று காதில் சொன்னேன். ரத்தம் வழிந்த காது என்பதால் மறு காதிலும் சொன்னேன். அப்போது அவள், "புள்ள கை இழுபடலையேக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பிறகுதான் விட்டாள். அதற்குப் பிறகு இந்த நிமிடம் வரை அவள் பேசவில்லை. ஆம்புலன்சுக்கு நான்தான் போன் செய்தேன், இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் செய்தேன்.

ஆம்புலன்ஸ் போன பிறகு மதிவதனி யூனிபார்மோடு ஓடி வந்தார். படியைப் பார்த்துவிட்டு என் சேலையைப் பிடித்து, "எதுக்கு அவனுக்குக் கதவத் தொறந்தீங்க, எம் புள்ளையத் தூக்கிக் குடுக்கவா உங்கள வெச்சேன்?" என்று அலறினார். செல்லம்மாள் கதவைத் திறந்ததும் குழந்தை அம்மாவிடம் ஓடியது, நான் குறுக்கே வாரித் தூக்கிக்கொண்டேன். அவர் யாரென்று எனக்கு நன்றாகத் தெரியும், இருந்தும் கழுத்து அட்டையைக் காட்டுங்கள் என்று கேட்டேன். அவர் அழுதுகொண்டே காட்டினார், நான் படித்துப் பார்த்துவிட்டுத்தான் குழந்தையை விட்டேன். குழந்தை, "அப்பா எங்க?" என்று கேட்டது.

எங்களுக்குத் தெரிந்த வக்கீல் நம்பிராஜன், முதல் அடியோடு நிறுத்திக்கொள்ளும்மா, அது தற்காப்பு, மற்றதைப் பற்றி வாய் திறக்காதே என்று சொன்னார். அப்படியானால் மற்ற இரண்டு அடி யார்மேல் விழும் என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். போலீசில் சொல்வது கோர்ட்டில் செல்லாது என்றும் அவர்தான் சொன்னார். கோர்ட்டில் கூப்பிட்டால் அங்கேயும் இதையே சொல்வேன். காப்பகத்தை மூட வேண்டி வந்தால் மூடிக்கொள்கிறேன், மறுபடி இட்லி போடத் தெரியும்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். முழங்கால் அடிகளுக்குப் பக்கத்தில் "தற்காப்புக்காக" என்று ஐயா தாமாகச் சேர்த்திருந்ததை அடிக்கச் சொன்னேன், அடித்துவிட்டார். முதல் அடி ஜாஸ்மினைக் காப்பாற்ற. மற்ற இரண்டும் அவன் விழுந்து, வேண்டாம் என்று சொன்ன பிறகு, தெரிந்தே அடித்தவை. மூன்றும் என் கையால் நடந்தவை, ஜாஸ்மின் கை ஒன்றில்கூட இல்லை. இதில் உள்ளதெல்லாம் நடந்தபடிக்கு உண்மை.

(ஒப்பம்) லூர்தம்மாள்